எட்டாவது கட்டளையும் நமது பயோடேட்டாவும்

வேலை தேடும் எவரும் தம்மை நல்ல முறையில் காட்டிக்கொள்ளவே விரும்புவார். அதில் தவறில்லை. தேய்த்த சட்டை அணிந்து நேர்முகத் தேர்வுக்குச் செல்வதும், செய்த பணிகளில் சிறந்ததை முதலில் எழுதுவதும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அப்படியானால், நம்மைப் பற்றிப் பிறர் கொள்ளும் எண்ணத்தை நாம் உருவாக்குவது எந்த இடத்தில் பொய்யாகிறது?

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எட்டாவது கட்டளையை விளக்கும்போது, உண்மை பேசுதலையும் விவேகத்தையும் இணைத்தே சொல்கிறது (எண் 2469). ஒன்றை அறிய உரிமையில்லாதவருக்கு அதைச் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர் (எண் 2489). அதே வேளையில், தற்பெருமை பேசுவதும் உண்மைக்கு எதிரான குற்றமே (எண் 2481).

ஒருவர் தாயின் நோயினால் இரண்டு ஆண்டுகள் வேலைக்குச் செல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். "குடும்பக் காரணங்களால் பணியில் இல்லை" என்று அவர் எழுதினால் போதும். நோயின் விவரம் நிறுவனத்திற்குத் தேவையில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து, பணம் கொடுத்து ஓர் அனுபவச் சான்றிதழ் வாங்கி இணைத்தால் அது பொய். அந்தப் பொய்யினால் வேலையை இழப்பவர், உண்மையை எழுதிவிட்டு வெளியே காத்திருக்கும் இன்னொருவர். ஆகவே இது நீதிக்கும் எதிரானது.

வாய் திறவாமலும் பொய் சொல்ல முடியும். திருத்தூதர் பணிகள் 5-ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பிராவும் நிலத்தை விற்று, ஒரு பகுதியைத் தங்களுக்கென வைத்துக்கொண்டார்கள். நிலமும் பணமும் அவர்களுடையவையே என்பதைப் பேதுருவும் ஏற்றுக்கொள்கிறார். ஒரு பகுதியைக் கொண்டுவந்து, முழுவதையும் கொடுத்தவர்களைப்போல் தோன்ற விரும்பியதுதான் அவர்கள் செய்த தவறு.

நம் அலுவலகங்களிலும் இது நடக்கிறது. மாலையிலேயே முடிந்த வேலையை, இரவு பதினொரு மணிவரை உழைத்ததாகத் தோன்றும்படி அந்நேரத்தில் மின்னஞ்சலில் அனுப்புகிறோம். ஐந்து பேர் செய்த பணியை "நான் செய்தேன்" என்கிறோம். இளையவர் தயாரித்த அறிக்கைக்காக மேலாளர் நம்மைப் பாராட்டும்போது மௌனமாய் இருந்துவிடுகிறோம். அந்தப் பாராட்டு இன்னொருவருக்கு உரியது. அங்கே மௌனமே பொய்யாகிறது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர் சேர்க்கைத் துறைத் தலைவராக இருந்தவர் மேரிலி ஜோன்ஸ். மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கப் பாடுபட்டுப் பலரது மதிப்பைப் பெற்றவர். 1979-இல் அங்கு வேலைக்கு விண்ணப்பித்தபோது, தாம் பெறாத பட்டங்களைப் பெற்றதாகக் குறிப்பிட்டிருந்தார். 28 ஆண்டுகளுக்குப் பின், 2007 ஏப்ரலில் அது வெளிப்பட்டுப் பதவி விலகினார். அதைத் திருத்தும் துணிவு தமக்கு இல்லாமல் போனதாக அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய திறமை உண்மையானது. ஆனால் ஒரு பழைய பொய் அதன் மீது கறையாகப் படிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் சில நேரம் வேலை கிடைக்காமல் போகலாம். அந்த இழப்பு சிறிதல்ல, குறிப்பாக வீட்டில் பலர் நம் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும்போது. எனினும் பொய்யால் பெற்ற வேலையில் ஒவ்வொரு நாளும் அச்சத்தோடுதான் அமர வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே தவறியவர்களுக்கும் வழி உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்புக் கிடைக்கிறது. ஆயினும் உண்மைக்கு எதிரான குற்றத்திற்கு ஈடுசெய்யும் கடமை தொடர்கிறது என மறைக்கல்வி கூறுகிறது (எண் 2487). எப்படி ஈடுசெய்வது என்று அருட்பணியாளரிடம் ஆலோசனை கேட்கலாம். அடுத்த முறை பயோடேட்டாவை அனுப்புமுன், அல்லது ஒரு பாராட்டை ஏற்குமுன், நம்மையே கேட்போம்: முழு விவரமும் தெரியவந்தால், இவர் தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்வாரா? ஆம் என்றால், அந்த வரியை அன்றே திருத்திவிடுவோம்.