இணுவில் தந்த தவில்

பேரோசையோடு கூடிய இசைக்குழு என்றதும் இன்றைய இளைஞரின் மனக்கண்ணில் மின்கிதாரும் ஆளுயர ஒலிபெருக்கியுமே தோன்றும். 1968 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நால்வர் கூடி அமைத்த லெட் செப்பெலின் அத்தகைய குழுக்களுள் முன்னோடியானது. அதிலே முழவு வாசித்தவர் ஜோன் பொன்ஹம். ஒரு கட்டத்தில் மற்றவர்கள் அடங்கிவிட, இவர் தனித்து வாசிப்பார். குச்சிகளையும் ஒதுக்கிவிட்டு வெறுங்கையாலே தட்டுவார். நம்மவர் இதனைத் தனியாவர்த்தனம் என்று எளிதிலே இனங்கண்டிருப்பர். 1980 இல், முப்பத்திரண்டாம் வயதில், அவர் இறந்ததும் குழுவும் கலைந்தது.

அக்குழு தோன்றிய அந்நாளிலே யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் மின்சாரத்தின் துணை வேண்டாத ஒரு பேரோசை எழுந்துகொண்டிருந்தது. அதற்குரியவர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி.

தவில் பார்வைக்கு முரடான கருவி. பலாமரத்தைக் குடைந்து செய்த உடல், இருபுறமும் தோல். வலந்தலையை விறைப்பாக இழுத்துக் கட்டுவர். விரல்களிலே மாவுப்பசை கொண்டு இறுக்கிய கூடுகளை அணிந்து அதனை வாசிப்பர். இடப்பக்கம் தொப்பி எனப்படும். அதனை நெகிழ்வாக விட்டுப் பூவரசங் கழியால் அடிப்பர். திறந்த வெளியிலே, தேருக்கு முன்னே, ஆயிரம் பேரின் ஆரவாரத்தையும் மீறி ஒலிக்கவேண்டிய வாத்தியம் இது. உரக்க அடிப்பது பழக்கத்தால் வரும். அந்த உரத்தின் நடுவே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்படி வாசிப்பதுதான் அரிது. தெட்சணாமூர்த்தியின் பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

அவர் 1933 இல் இணுவிலிற் பிறந்தார். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரமும் தவிலும் வழிவழியாக வளர்ந்த ஊர்கள். அவ்வீடுகளிற் பிள்ளைகள் தாளத்தைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தனர். தந்தையாரிடம் தொடங்கிய பயிற்சி பின்னர் தமிழ்நாட்டிலே நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் தொடர்ந்தது. பிற்காலத்தில் அவர் அளவெட்டியில் வாழ்ந்தார். அவ்வூர் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனோடு அவர் இணைந்து வாசித்ததை நம் முதியோர் இன்றும் பேசுவர். காருகுறிச்சி அருணாசலம் போன்ற தமிழ்நாட்டு நாதஸ்வர மேதைகளுக்கும் அவர் வாசித்தார். தஞ்சைச் சீமையைத் தவிலின் தாய்வீடாகக் கொண்டவர்களிடையே ஓர் ஈழத்தவர் முதலிடத்தில் வைத்து எண்ணப்பட்டமை சிறிய காரியமன்று.

அவரை வளர்த்தவர்களுள் யாழ்ப்பாணத்து உபயகாரரையும் சேர்க்கத்தான் வேண்டும். இங்கே ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் அல்லது பகுதியாரின் பொறுப்பு. முந்திய நாட்காரரை விஞ்சவேண்டும் என்ற போட்டி பல கூட்டம் மேளங்களை ஒரே இரவில் கொண்டுவந்து நிறுத்தியது. இந்திய மேளமும் உள்ளூர் மேளமும் எதிரெதிரே அமர்ந்து விடியுமட்டும் சமா வைக்கும். மணலிற் குந்தியிருப்போரிற் பலர் தாளம் தப்பாமற் கைபோடக் கூடியவர்கள். நான்காய் நடந்த நடை மூன்றாகி, ஐந்தாகி, ஏழாகி, மீண்டும் எடுத்த இடத்திலே வந்து விழும்போது, கணக்குப் பிசகினால் அவர்களே முதலிற் கண்டுகொள்வர். வீண் பெருமைக்காகச் செலவிட்ட பணமும் சில வேளை நற்பயன் தருகிறது!

ஆயினும் மேளக்காரருக்குப் பந்தலிற் கிடைத்த மதிப்பு ஊரிலே எப்போதும் கிடைத்ததில்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை, நின்றபடி வாசிக்கும் பழைய வழக்கை மறுத்து மேடையில் அமர்ந்து வாசித்தது இதனாலன்றோ? கலையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களே கலைஞரின் சாதியையும் மறவாதிருந்தனர்.

1975 ஆம் ஆண்டு மே மாதத்தில் தெட்சணாமூர்த்தி மறைந்தார். வயது நாற்பத்தொன்றுதான். எண்பதுகளில் மூண்ட போர் திருவிழாக்களையும் கலைஞர் குடும்பங்களையும் சிதறடித்தது. பொன்ஹமின் வாசிப்பு இசைத்தட்டுக்களிலே ஒழுங்காகப் பதியப்பெற்று இன்று எந்நாட்டாருக்கும் கிடைக்கிறது. இவருடைய வாசிப்போ அன்பர்கள் பேணிய ஒலிநாடாக்களிலே எஞ்சியது. அவற்றுட் சிலவற்றில் தவிலோடு கூட்டத்தின் இரைச்சலும் கலந்தே கேட்கும்.

தமிழ்நாட்டு இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப்பற்றி ஒரு விவரணப்படம் எடுத்தார். 2015 ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதுகளில் சிறந்த கலை, பண்பாட்டுப் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. தவிலைத் திருமண வீட்டில் மட்டும் கேட்டவர்கள் அப்படத்தை ஒருமுறை பார்க்கலாம். அவருடைய வலக்கை விரல்களைக் கவனித்துப் பார்க்கலாம்.