விளக்கெண்ணெய் குடித்த விமானங்கள்

முதல் உலகப் போரில் சண்டை முடிந்து தரையிறங்கும் விமானியின் முகம், கண்ணாடி, கழுத்தில் சுற்றிய பட்டுத்துணி எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய் பிசுபிசுக்கும். நம் வீடுகளில் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகட்டினார்களே, அதே எண்ணெய்!

காரணம் அந்த எஞ்சின். பிரான்சின் செகன் சகோதரர்கள் செய்த ‘நோம்’ எஞ்சின் 1909இல் வானேறியது. கார் எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்க, கிராங்க் தண்டு சுழலும். இவர்களோ தண்டை விமானத்தோடு சேர்த்துப் பிணைத்துவிட்டார்கள். சிலிண்டர்கள் அத்தனையும் முன்விசிறியோடு ராட்டினமாய்ச் சுற்றின, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல்! சுற்றும் வேகத்திலேயே காற்றுப் பட்டுக் குளிர்ந்ததால் தண்ணீர்த் தொட்டியின் சுமை இல்லை. மரச்சட்டமும் துணியுமான அன்றைய விமானத்துக்கு அது பெரும் வரம். சுழலும் அந்தக் கனம் பம்பரம்போல் விமானத்தைத் திருகவும் செய்தது. பிரிட்டனின் சாப்வித் கேமல் போர்விமானம் வலப்பக்கம் சட்டென்று திரும்பி எதிரியைத் திணறடிக்கும். பழகாத விமானியையோ தலைகுப்புறக் கவிழ்த்துவிடும். பயிற்சியிலேயே மாண்ட இளைஞர்கள் ஏராளம்.

பெட்ரோலும் காற்றும் இந்த எஞ்சினில் கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். மசகெண்ணெய் இருப்பதும் அங்கேதான். சாதாரண கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். விளக்கெண்ணெயிடம் அது எளிதில் பலிக்காது. அதில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு கொக்கி அதன் சங்கிலியின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. கொக்கியால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் அந்தக் கெட்டித்தன்மை. பெட்ரோலோடு கலக்காத பிடிவாதமும் அதனால்தான். குடலைத் தூண்டிப் பேதியாக்குவதும் இதே அமிலம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேலை முடித்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பாது. புகையோடு வெளியே தெறிக்கும். பின்னால் திறந்த இருக்கையில் அமர்ந்த விமானி அதை மூச்சோடு இழுத்தார், விழுங்கினார். வயிறு கலங்கியபடியே சண்டையிட்டார்.

பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு விளக்கெண்ணெய்க்கான ஆமணக்கு வரத்து அற்றுப்போயிற்று. மாற்றாகப் பயன்பட்ட ‘வோல்டால்’ எண்ணெய் கோடை வெப்பத்தைத் தாங்கவில்லை. எஞ்சின்கள் கொதித்துப் பழுதாயின. 1918இல் அமெரிக்க அரசு, விமான எஞ்சின்களுக்காக ஃபுளோரிடா விவசாயிகளை ஆமணக்குப் பயிரிடச் சொன்னது. விதை இந்தியாவிலிருந்து கப்பலேறியது.