பழுதுற்ற மின் கிதாரைச் சீர்செய்தல்

புனே நகரில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில், கேல்கர் அவர்கள் தம் மறைந்த மகனின் நினைவாக வைத்துச் சென்ற எண்ணற்ற பொருள்களிடையே இசைக்கருவிகளும் உள்ளன. அவை மீண்டும் ஒலிப்பதற்காக அன்றிக் காண்பதற்காகவே காக்கப்படுகின்றன. வீட்டுப் பரணில் நரம்பறுந்து கிடக்கும் கருவியின் நிலை வேறு. அதை மீண்டும் வாசிக்க வேண்டும் என்றும் விரும்புகிறோம். அதன் பழமை கெடக்கூடாது என்றும் விரும்புகிறோம். இவ்விரு விருப்பங்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பழைய மின் கிதார் ஒன்றைச் சீர்செய்ய முற்படுபவர் இந்த முரண்பாட்டை ஒவ்வொரு படியிலும் சந்திக்கிறார்.

மின் கிதார் வயதில் இளைய கருவி. அமெரிக்காவில் ரிக்கன்பாக்கர் நிறுவனத்தார் 1932இல் அதனை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். குடமில்லாத கெட்டி மரக் கிதார்கள் 1950ஆம் ஆண்டையொட்டி ஃபெண்டர் நிறுவனத்தாராலும், 1952இல் கிப்சன் நிறுவனத்தாராலும் பரவலாயின. வீணைக்கும் தம்பூராவுக்கும் குடமே ஒலியை வளர்க்கிறது. மின் கிதாரிலோ எஃகுத் தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுபட்டுச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்குகிறது. இதே அமைப்பைச் சிறு மாண்டலினில் பொருத்திக் கர்நாடக இசையின் கமகங்களை யு. ஸ்ரீநிவாஸ் எழுப்பிக் காட்டியதைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பழுதும் இரு வகைப்படும்: மரத்தின் பழுது, மின்சாரத்தின் பழுது.

மரத்தில் மிகுதியாக நேரும் விபத்து கழுத்து முறிதலாகும். கிப்சன் கிதார்களில் பிருடைகள் அமைந்த தலைப்பகுதி பின்புறமாகச் சாய்ந்திருக்கும். அந்த வளைவில் மரத்தின் இழையோட்டம் குறுக்கே அறுபடுகிறது. போதாக்குறைக்கு, கழுத்தின் உள்ளே செல்லும் இரும்புக்கம்பியைத் திருகுவதற்காக அதே இடத்தில் மரம் குடையப்பட்டிருக்கிறது. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடை அளவுக்கு இழுத்துக் கொண்டிருக்க, பெட்டியுடன் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலும் தலை முறிந்து விடுகிறது. ஃபெண்டர் கிதார்களில் தலை பின்னோக்கிச் சாய்வதில்லை. கழுத்தும் திருகாணிகளால் பொருத்தப்பட்டது. அவை இவ்வாறு முறிவது அரிது. அழகுக்காகவும் மரபுக்காகவும் கொண்ட ஓர் அமைப்பு அறுபது எழுபது ஆண்டுகளாக உரிமையாளர்களைத் துன்புறுத்தி வருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

முறிவு புதிதாகவும் நீண்ட பிளவாகவும் இருந்தால் நல்லூழ் என்றே கொள்ளலாம். முறிந்த முகங்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. ஓர் இழை குறைந்தாலும் இரு துண்டுகளும் பொருந்தா. முதலில் பசையின்றிச் சேர்த்துப் பார்த்து, இடுக்கிகளை எங்கு எவ்வாறு மாட்டுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். பின்னரே பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கும் தோற்பசையைச் சூடாக்கித் தடவிப் பொருத்தி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விட்டால், ஒட்டிய இடம் சுற்றியுள்ள மரத்தினும் உறுதியாக நிற்கக் காணலாம். இன்று கடைகளில் கிடைக்கும் உடன்பிடி பசைகளும் எப்பாக்சி பசைகளும் கைக்கு எளியவை. ஆயினும் ஓர் இக்கட்டு உண்டு. வச்சிரம் வெந்நீருக்கும் சூட்டுக்கும் இளகும். நாளை வேறொருவர் நம் வேலையைத் திருத்த விரும்பினால் பிரித்துக் கொள்ளலாம். எப்பாக்சியைப் பிரிக்க முனைந்தால் மரமும் உடன் பெயர்ந்து வரும். பிறர் திருத்துவதற்கு இடம் வைத்துச் செய்வதே சிறந்த பழுதுபார்ப்பு என்பது நம் எண்ணம்.

அதே வச்சிரம் நீரில் ஊறினால் தளர்வதும் இயல்பே. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெத் அணை உடைந்து புனே நகரை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்தில் அகப்பட்ட எந்த மரக்கருவியும் இணைப்புகள் தோறும் பிரிய வாய்ப்புண்டு. நனைந்த கருவியை வெயிலில் உலர்த்துவது வெள்ளத்தினும் பெரிய கேட்டை விளைவிக்கும். தந்திகளைத் தளர்த்தி, நிழலில், காற்றோட்டத்தில், பல வாரங்கள் பொறுமையாக உலர விட வேண்டும்.

இனி மின்சாரப் பகுதி. ஒலி எழவில்லை என்றதும் சுருளைப் புதிதாகச் சுற்றிவிடுவார் பலர். அது அவசரம். அச்சுருளின் கம்பி 0.063 மில்லிமீட்டர் பருமனே உடையது. நம் தலைமயிரினும் மெல்லியது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்டது. அது அறுபடும் இடம் பெரும்பாலும் வெளிக்கம்பியோடு இணையும் முனைதான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் நலமான சுருள் பொதுவாக 6 முதல் 9 ஆயிரம் ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் முதலில் முனையைப் பூதக்கண்ணாடி கொண்டு ஆராய வேண்டும். பழைய சுருளைக் காப்பாற்ற முடிந்தால் பழைய குரலையும் காப்பாற்றினோம்.

ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் அழுக்கே காரணம். அதைத் துடைத்தாலே போதும். அக்குமிழின் அடிப்பகுதியைத் தூக்கி எறியாதீர்கள். அமெரிக்கக் கருவிகளில் அங்கே பொறித்த எண்களுள் முதல் மூன்று செய்தவரைக் குறிக்கும். பின்வருவன ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 304-6345 என்றிருந்தால் அது 1963ஆம் ஆண்டின் 45ஆம் வாரத்தில் செய்யப்பட்ட உறுப்பு. கருவியின் பிறப்புச் சான்றிதழ் அதுவே. மாற்றியே தீர வேண்டுமெனில் பழையதை உறையிலிட்டுப் பெட்டியிலேயே வைத்திடுக. கிதாருடன் வந்த பழைய வால்வு ஒலிபெருக்கியை மட்டும் அனுபவமற்றவர் திறத்தல் ஆகாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

வண்ணப்பூச்சு உரிந்திருந்தால் என்ன செய்வது? பழையதைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் கண்ணுக்கு அழகு. சந்தையிலோ விலை பாதியாகக் குறைவது வழக்கம். விலையைக் கருதாதவரும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலேயக் கலைஞர் பீட்டர் ஃபிராம்ப்டனின் 1954ஆம் ஆண்டுக் கிப்சன் கிதார் 1980இல் வெனிசுவேலா நாட்டில் சரக்கு விமானம் ஒன்று விழுந்து எரிந்தபோது அழிந்தது என்றே கருதப்பட்டது. தீக்காயங்களுடன் தப்பிய அது குராசோ தீவில் இருந்து, 2011இல் அவரிடம் திரும்பியது. கிப்சன் நிறுவனத்தார் அதனை வாசிக்கத்தக்க நிலைக்குச் சீர்செய்தனர். தீ பட்ட வடுக்களை அவர் அழிக்க விடவில்லை. 2012இல் அது மீண்டும் மேடையேறியது.

புனேயில் இத்தகைய வேலைக்கு ஆள் கிடைப்பாரா என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒருவரையே தேடாமல் இருவரைத் தேடலாம். சுருளுக்கும் குமிழுக்கும் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர் போதும். மரத்துக்கு, தம்பூராவும் சிதாரும் திருத்தும் தச்சர் போதும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அக்கருவிகளைச் செய்துவரும் மிரஜ் நகரம் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. 2024இல் மிரஜ் சிதாருக்கும் தம்பூராவுக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. விரற்பலகைக்கு மரம் வேண்டுமெனில் வெளிநாட்டை நாட வேண்டியதில்லை. பிரேசில் நாட்டு மரம் அருகிய பின், 1960களின் நடுவிலிருந்து அமெரிக்கக் கிதார்களிலேயே இடம்பெற்றது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான்.

வேலை முடிந்த கருவியை உடனே இறுதியாகச் சரிப்படுத்தி விடுதல் கூடாது. மார்ச் முதல் மே வரை புனேயின் வறண்ட காற்றில் விரற்பலகை சுருங்கி, மெட்டுகளின் முனைகள் விரலைக் கிழிக்கும். ஜூனில் மழை தொடங்கியதும் மரம் ஈரம் உண்டு கழுத்து வளையும். இரு பருவங்களையும் ஒருமுறை கண்ட பின்னரே மெட்டுகளைச் சமன் செய்வது நல்லது. விடுமுறையில் சென்னைக்கு ரயிலில் எடுத்துச் செல்வோர் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, பெட்டிக்குள் தலைப்பகுதியின் கீழே மடித்த துணியொன்றை வைத்து, மேல் பலகையில் அன்றிக் கீழ் இருக்கையின் அடியில் கிடத்திச் செல்வார்களாக.