வீடியோ கேமுக்கும் உண்டா பஞ்ச வருஷம்?



திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வருஷத்தை நம்பர் போட்டுச் சொல்ல மாட்டார்கள். "கண்மாய் உடைஞ்ச வருஷம்", "மல்லி நல்லா விளைஞ்ச வருஷம்" என்றுதான் சொல்வார்கள். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இன்றைக்கும் பேச்சில் வருகிறது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு, எந்த வருஷம் மோசம் என்ற வாதம் டீக்கடை பெஞ்சில் என்றுமே தீராது.

அதே மாதிரி ஒரு தீராத வாதம் நம் ஹாஸ்டலிலும் நடந்து வருகிறது. வீடியோ கேம்கள் வெளிவந்ததில் படுமட்டமான வருஷம் எது? மெக்கானிக்கல் அண்ணன் ஒருவர் 1983 என்கிறார். கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் 2014 என்கிறான். சிவில் பிரிவில் 2021-க்கு ஓட்டு விழுகிறது. "அட போங்கப்பா, பப்ஜியைத் தடை பண்ணின 2020-ஐ விடவா?" என்கிறான் எலெக்ட்ரிக்கல்காரன். நால்வரும் சொல்வது சரியாகத்தான் படுகிறது. அது எப்படி என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஜீரோ எரர்!

வெர்னியரைக் கையில் எடுத்ததும் முதலில் ஜீரோ எரர் பார்க்கச் சொல்கிறார்கள் அல்லவா? வாதத்துக்கும் அது பொருந்தும். ஒரு வருஷத்தை மட்டம் என்று சொல்ல நான்கு அளவுகோல்கள் உண்டு. எத்தனை கேம் வந்தது என்பது ஒன்று. வந்தவை எப்படி இருந்தன என்பது இரண்டாவது. வியாபாரம் எப்படி என்பது மூன்றாவது. விளையாடுகிறவன் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது நான்காவது. ஒருவன் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பேச, இன்னொருவன் தரத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால் விடியவிடியப் பேசினாலும் முடிவு வராது.

1983: வெள்ளத்தில் அழுகிய பயிர்

இந்த வருஷத்தைத்தான் உலகமே சுட்டிக்காட்டுகிறது. அமெரிக்காவில் வீட்டு வீடியோ கேம் வியாபாரம் 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்தது. 1985-இல் அது சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கிவிட்டது. நூறு ரூபாய் சம்பாதித்தவன் கையில் மூன்று ரூபாய் மிஞ்சினால் எப்படி? அப்படி!

காரணம் கேம் வராததா? இல்லவே இல்லை. அளவுக்கு மிஞ்சி வந்ததுதான் காரணம். அட்டாரி கம்பெனியின் கன்சோலுக்கு முதலில் அட்டாரி மட்டுமே கேம் செய்தது. அங்கிருந்து வெளியேறிய புரோகிராமர்கள் 1979-இல் ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த கேம்கள் நன்றாக இருந்தன, விற்கவும் செய்தன. அதைப் பார்த்து ஆளாளுக்கு இறங்கினார்கள். கன்சோலில் பூட்டு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து செருகலாம். கடையில் குப்பை குவிந்தது. விற்காத சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டிய சின்னக் கம்பெனிகள் கதவைச் சாத்தின. கடைக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். மலிவாகக் கிடைக்கும்போது புதிய கேமுக்கு முழு விலை யார் கொடுப்பார்? போதாதற்கு, வீட்டுக் கம்ப்யூட்டர்களின் விலையும் இறங்கிவிட்டது.

அதற்கு முன் நடந்ததையும் கவனிக்க வேண்டும். 'ஈ.டி.' என்ற படம் 1982-இல் சக்கைப்போடு போட்டது. அந்தப் பெயரில் கேம் ஒன்றைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கொண்டுவர அட்டாரி துடித்தது. ஹோவார்டு ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் 5 வாரம்தான். கேம் 1982 டிசம்பரில் வந்தது. குழிக்குள் விழுவதும் ஏறுவதுமாக விளையாடியவர்கள் நொந்து போனார்கள். லட்சக்கணக்கான கார்ட்ரிட்ஜ்கள் தேங்கின. 1983 செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அட்டாரி தன் சரக்கைக் கொட்டிப் புதைத்தது. பல காலம் கட்டுக்கதை என்று கருதப்பட்ட இந்தச் செய்தி, 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது உண்மையாயிற்று.

இப்போது என் கேள்வி: குற்றவாளி 1983-ஆ, 1982-ஆ? பாவு ஓட்டும்போது அறுந்த இழை, சேலையை விரிக்கும்போதுதான் கண்ணில் படும் என்பது நம் அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்குத் தெரியும். சேலை விரித்த நாள் 1983. இழை அறுந்தது 1982-இல்!

இன்னொன்று. இது அமெரிக்காவின் பஞ்சம்தான், உலகப் பஞ்சம் இல்லை. அதே 1983 ஜூலை 15-இல் ஜப்பானில் நின்டெண்டோ தன் ஃபேமிகாம் கன்சோலை இறக்கியது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' செய்தார். இங்கிலாந்தில் இரண்டு மாணவர்கள் செய்த 'எலைட்' வெளிவந்ததும் அதே வருஷம்தான். கடைக்காரன் தலையில் துண்டைப் போட்ட வருஷத்தில்தான், உலகம் மறக்க முடியாத கேம் பிறந்திருக்கிறது!

பூட்டுப் போட்ட சிப்

அமெரிக்காவில் 1985-இல் இறங்கியபோது நின்டெண்டோ பழைய பாடத்தை மறக்கவில்லை. கன்சோலுக்குள் ஒரு சிப், கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிப். இரண்டும் ஒன்றுக்கொன்று சங்கேதம் பேசிக்கொள்ளும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அனுமதி பெற்ற கம்பெனிகளும் வருஷத்துக்கு 5 கேமுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். கண்மாய்க்கு மடை வைத்தது போலத்தான். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அளந்து விட்டால்தான் பயிருக்கு நல்லது.

ஆனால் ஜப்பானிய ஃபேமிகாமில் அந்தப் பூட்டு சிப் கிடையாது. அதைப் பார்த்துச் செய்த நகல் மெஷின்கள்தான் 'டி.வி. கேம்' என்ற பெயரில் நம் ஊர்களுக்கு வந்தன. கார்ட்ரிட்ஜ் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது சில கேம்கள்தான். அதே கேம் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். எண்ணிக்கை என்ற அளவுகோலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மறுகால் பாய்ந்தால்தான் தண்ணீர்

இங்கேதான் நான்காவது அளவுகோல் வருகிறது. நம் பக்கம் கண்மாய்கள் சங்கிலி போல அமைந்தவை. மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழக் கண்மாய்க்குத் தண்ணீர். கேம்களும் நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' 1985-இல் வந்தது, 'கான்ட்ரா' 1987-இல் வந்தது. நம் தெருக்களில் அவை 1990-களின் கேம்கள்! 'ரோட் ராஷ்' 1996-இல் விண்டோஸுக்கு வந்தது. 'ஐ.ஜி.ஐ.' 2000-இல், 'வைஸ் சிட்டி' 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்தன. பிரவுசிங் சென்டர்களில் அவை ஆண்ட காலமோ அதற்குப் பிறகும் பல வருஷம் நீடித்தது.

என் சித்தப்பாவிடம் இந்த 2014 வழக்கைச் சொன்னேன். "என்னடா பஞ்சம்? நான் அப்பத்தான்டா வைஸ் சிட்டியவே முடிச்சேன்!" என்றார். அவருடைய கண்மாயில் அந்த வருஷம் தண்ணீர் ததும்பியிருக்கிறது.

2014-உம் 2021-உம்: பட்டம் தப்பிய விதைப்பு

2014-இல் என்னதான் நடந்தது? பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் 2013 நவம்பரில் வந்தன. புது மெஷின் வந்த மறுவருஷம் எல்லோரும் அதிசயத்தை எதிர்பார்த்தார்கள். பெரிய கேம் ஒன்று செய்ய மூன்று, நான்கு வருஷம் ஆகும். புது மெஷினைப் பழகவே நேரம் போதவில்லை. 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' முகத்தோல் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் மனிதர்களோடு வெளிவந்து சிரிப்பாய்ச் சிரித்தது. 'ஹேலோ' தொகுப்பில் ஆன்லைனில் ஆள் சேர்ந்து ஆட முடியவில்லை. '2014-இல் வரும்' என்று சொல்லப்பட்ட 'விட்சர் 3' 2015 மே மாதம்தான் வந்தது. ஆனாலும் 'ஷவல் நைட்', 'மேரியோ கார்ட் 8' போன்ற நல்ல கேம்களும் அந்த வருஷம்தான் வந்தன என்பதை மறக்கலாகாது.

2021-இன் கதை வேறு. கொரோனாவால் 2020-இல் அலுவலகங்கள் பூட்டப்பட்டன. வேலை தடைப்பட்டது 2020-இல், வெறுமை தெரிந்தது 2021-இல். 'ஹொரைசன்' கேமின் அடுத்த பாகமும் 'காட் ஆஃப் வார் ராக்னராக்'கும் 2022-க்குத் தள்ளிப் போயின. சிப் தட்டுப்பாட்டால் பிளேஸ்டேஷன் 5 வாங்கப் பணம் இருந்தவர்களுக்கும் பெட்டி கிடைக்கவில்லை. வெளிநாடுகளில் 2020 நவம்பரில் வந்த அந்த மெஷின் இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-இல்தான் விற்பனைக்கு வந்தது. புரட்டாசிப் பட்டத்தில் விதைக்காவிட்டால் தை மாதம் களத்தில் என்ன இருக்கும்?

தள்ளிப் போனவை எல்லாம் பிறகு சேர்ந்து விளைந்தன. 2022-இல் 'எல்டன் ரிங்', 2023-இல் 'பால்டர்ஸ் கேட் 3', புதிய 'செல்டா' என்று விளையாடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அதே 2023-இல் கேம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. களத்தில் நெல் குவிந்திருக்க, அறுத்தவனுக்குக் கூலி இல்லை! அவர்களைக் கேட்டால் எந்த வருஷத்தைப் பஞ்ச வருஷம் என்பார்கள்?

நம் செல்போனில் எந்த வருஷம்?

நம்மில் பெரும்பாலோர் கன்சோலைக் கண்ணால் பார்த்ததோடு சரி. நம் களம் செல்போன்தான். ஆகவே நமக்குக் கணக்கு வேறு. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. எல்லைத் தகராறை ஒட்டி வந்த தடை அது. பெயர் மாறி பி.ஜி.எம்.ஐ. என்று 2021 ஜூலை 2-இல் திரும்பி வந்தது. சரி, அந்தப் பத்து மாதத்தில் 'ஃப்ரீ ஃபயர்' இருந்தது, சமாளித்தோம்.

2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடையானது. ஜூலைக் கடைசியில் பி.ஜி.எம்.ஐ.யையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 மே மாதம்தான் அது திரும்பியது. இடையில் கூகுள் கடையில் இருந்த 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' கனமானது. அண்ணன் கொடுத்த பழைய போனில் அதை ஓட்டினால் போன் இஸ்திரிப்பெட்டி ஆகிவிடும்!

உலகம் 'எல்டன் ரிங்' என்று கூத்தாடிய அதே 2022-இல்தான் நம் போன்களில் வறட்சி. எனவே எலெக்ட்ரிக்கல் நண்பனின் கட்சியில் ஒரு திருத்தத்தோடு சேர்கிறேன். நமக்குப் பஞ்ச வருஷம் 2020 அல்ல, 2022-இன் பிற்பாதி. ஒரு வருஷம் உலகத்துக்கு விளைச்சலாகவும் நமக்கு வறட்சியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

வெண்பா தரும் விடை

கடைசியாக ஒரு செய்தி. 2023 ஜூலை 31-இல் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை. துப்பாக்கி இல்லை, வெட்டுக்குத்து இல்லை. தாயார் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பதே ஒரு புதிர்! நம் அம்மாமார்களிடம் கேட்டால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். 2024-இல் இந்தக் கேம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் விருதைப் பெற்றது.

பல நூறு பேர், பல கோடி டாலர் என்று கேம் தொழில் வளர்ந்துவிட்ட காலத்தில், ஒரு சின்னக் குழு நம் அடுப்படியை உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. எனக்கு ஐந்தாவதாக ஒரு அளவுகோல் கிடைத்தது அதில்தான். அந்த வருஷம் வந்த கேம்களில் நம்முடையது ஒன்றாவது உண்டா? இந்தக் கேள்வியைப் போட்டால் நமக்குப் பஞ்ச வருஷங்கள் ஏராளம்.

நண்பர்களே, ஒரு வருஷத்தை மட்டம் என்று சொல்லுமுன் யாருக்கு, எந்த அளவில், எங்கே என்று கேளுங்கள். பிறகு அதற்கு முந்தைய வருஷங்களைப் புரட்டிப் பாருங்கள். காரணம் அங்கேதான் கிடக்கும். ஐந்து வாரத்தில் அவசரமாகச் செய்த வேலை குப்பைமேட்டுக்குப் போனதை, கடைசி ஐந்து வாரத்தில் புராஜெக்ட் செய்யும் நாமும் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நல்லது!

மழையை நாம் வரவழைக்க முடியாது. கேமை நாம் எழுத முடியும். கரிமூட்டம் போடுகிறவர், தறி ஓட்டுகிறவர், கண்மாய் மடை திறக்கிறவர் என்று கதைக்கா நம் பக்கம் பஞ்சம்? நம் லேப் கம்ப்யூட்டர்களில் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் இன்றைக்கே விதைத்தால், மூன்று நான்கு வருஷம் கழித்து வருகிற ஒரு வருஷத்தை யாரும் மட்டம் என்று சொல்ல முடியாது.