இருட்டைப் பார்க்க ஒரு கண்ணாடி

கப்பல்களிலும் ட்ராலர் யாட்டுகளிலும் முன்பக்கம் சாய்ந்து நிற்கும் ஜன்னல்கள் அழகுக்காக வந்தவை அல்ல. எதிரே ஒரு மீன்பிடிப் படகு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வந்தவை.

கல்யாணைத் தாண்டி தாணே நோக்கிப் போகும் தொலைதூர ரயிலின் ஏசி பெட்டியில், பகல் நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வெளியே குன்றுகளும் குடிசைகளும் கழிமுகச் சேறும் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று வண்டி பார்சிக் சுரங்கத்துக்குள் நுழையும். 1916-இல் திறக்கப்பட்ட, 1.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அடுத்த கணமே வெளியுலகம் மறைந்து, ஜன்னலில் உங்கள் முகமும், எதிர் இருக்கைக்காரரின் வழுக்கையும், மேலே எரியும் விளக்கும் தெரியும். வெளியே இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கைகளையும் கன்னத்தோடு குவித்து, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அதைத்தான் செய்கின்றன.

பயணிக்கு இது பொழுதுபோக்கு. இதே நிலைமை நடுக்கடலில், இரவு 2 மணிக்கு, 200 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு வந்தால் என்ன ஆகும்? அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே நான்கு மணி நேரக் காவலை முடிக்க முடியாது.

கல்யாணுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று கேட்கத் தோன்றும். இன்றைய கல்யாண் ரயில்வே ஜங்ஷன். காலையில் மும்பைக்குள் கூட்டத்தைக் கொட்டி, இரவில் திரும்ப அள்ளிக்கொள்ளும் ஊர். ஆனால் கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் கல்லியேனா என்று வரும் துறைமுகம் இதுதான். 1657-இல் கல்யாணும் பிவண்டியும் சிவாஜியின் கைக்கு வந்த பிறகு, உல்லாஸ் நதியின் கழிமுகத்தில் மராட்டியக் கடற்படைக்கான கப்பல் கட்டும் வேலை தொடங்கியது. துர்காடி கோட்டை இன்றும் அந்தக் கழிமுகக் கரையில்தான் நிற்கிறது. அந்தக் கப்பல்களில் ஜன்னல் பிரச்னையே எழவில்லை. சுக்கான் பிடித்தவர் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நின்றார். நனைந்தார், கருத்தார். ஆனால் அவர் கண்ணுக்கும் கடலுக்கும் நடுவே எதுவும் இல்லை.

நீராவி வந்தது, பிறகு டீசல் வந்தது. ஓட்டுபவரைச் சுற்றி ஓர் அறை எழுந்தது. அறைக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அறைக்குள் காந்தமானி, என்ஜின் மீட்டர்கள், ரேடார், எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ். என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு எரியும் கருவிகள் சேர்ந்தன. பார்வைக்கு உதவ வந்த கருவிகளே பார்வையைக் கெடுக்கும் விந்தை அங்கே ஆரம்பமானது.

சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் பக்கத்துக்கு 4 சதவீதம் போல, இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளி வெளிச்சம் பல மடங்கு அதிகம் என்பதால் இந்த 8 சதவீதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் கணக்கு தலைகீழ். வெளியே இரண்டு மைல் தொலைவில் ஒரு படகின் சின்ன விளக்கு. உள்ளே ஒரு கை நீளத்தில் ரேடார் திரை. கண்ணாடியில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு எளிமையானது. வீட்டில் முகச்சவரக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் உங்கள் முகம் தெரியும். மேல் விளிம்பை உங்கள் பக்கம் சாய்த்தால் மார்பும் தரையும் தெரியும். மேல் விளிம்பை உங்களை விட்டு அப்பால் சாய்த்தால் முகம் மறைந்து, கூரை தெரியும். கப்பல்காரர்கள் செய்தது இந்த மூன்றாவது காரியம். ஜன்னலின் மேல் விளிம்பை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். 15 டிகிரி சாய்த்தால், நேரே பார்க்கும் கண்ணுக்குள் வரும் பிரதிபலிப்பு 30 டிகிரி மேலேயுள்ள கூரையிலிருந்து வருகிறது. கூரையைக் கறுப்பாகவோ அடர் நிறத்திலோ வைத்து, அங்குள்ள விளக்கை அணைத்துவிட்டால் பிரதிபலிக்க அங்கே ஒன்றும் இல்லை. கருவிகளின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டாலும் கண்ணுக்கு வராமல் மேலே போய்விடுகிறது.

இரண்டாவது காரியம் செய்தது யார் என்றால், கார் தயாரிப்பாளர்கள். காரின் முன்கண்ணாடி மேல் விளிம்பு ஓட்டுநர் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் டாஷ்போர்டில் பிள்ளையாரை வைத்திருக்கும் டாக்ஸியில், வெயில் அடிக்கும்போது பிள்ளையார் கண்ணாடியிலும் ஆவி போலத் தெரிகிறார். காருக்குக் காற்றைக் கிழித்துப் போவது முக்கியம், ஆகவே அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ட்ராலர் யாட் ஓடுவது மணிக்கு ஏழெட்டு நாட். சைக்கிள் வேகம். காற்று அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

விமானத்திலும் இது முயன்று பார்க்கப்பட்டது. 1933-இல் வந்த போயிங் 247 விமானத்தின் முதல் வடிவத்தில் முன்கண்ணாடி முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. காரணம் இதேதான்: கருவிப் பலகையின் விளக்குகள் கண்ணில் அடிக்கக் கூடாது. ஆனால் இரவில் இறங்கும்போது தரை விளக்குகள் கண்ணாடியில் பிரதிபலித்துத் தொந்தரவு கொடுத்தன, காற்றுத் தடையும் கூடியது. அடுத்த வடிவத்தில் கண்ணாடியைப் பின்பக்கம் சாய்த்துவிட்டார்கள். விமானம் கைவிட்ட யோசனையை விமான நிலையம் விடவில்லை. 2014 முதல் இயங்கும் மும்பை விமான நிலையத்தின் 84 மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால், உச்சியில் கண்ணாடி வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். உலகம் முழுவதும் இப்படித்தான்.

கப்பலில் இது வெறும் நல்ல பழக்கமாக இருந்து, பிறகு சட்டமானது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் 5-ஆம் அத்தியாயம், 22-ஆம் விதி இதைப் பற்றியே பேசுகிறது. 1998 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு கட்டப்பட்ட, 55 மீட்டருக்குக் குறையாத கப்பல்களில் முன்பக்க ஜன்னல்கள் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்க வேண்டும். 10 டிகிரிக்குக் குறையக் கூடாது, 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நிறம் பூசிய கண்ணாடியும் போலரைஸ்டு கண்ணாடியும் கூடாது. எந்த வானிலையிலும் இரண்டு ஜன்னல்களாவது தெளிவாகத் தெரிய வேண்டும். கப்பலின் மூக்குக்கு முன்னால் கடல் மறையும் தூரம், கப்பல் நீளத்தில் இரு மடங்கு அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது.

500 மீட்டர் என்பதைக் கவனியுங்கள். விதிப்படி கட்டிய கப்பலிலும் மூக்கின் கீழே அரைக் கிலோமீட்டர் குருட்டுக் கடல் இருக்கலாம். அதற்குள் ஒரு விசைப்படகு வந்துவிட்டால் ஜன்னல் எப்படிச் சாய்ந்திருந்தாலும் பயனில்லை. அதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

எவ்வளவு முன்பே? 12 மீட்டருக்கு மேல் 50 மீட்டருக்குள் இருக்கும் படகின் மீன்பிடி விளக்குகள் இரண்டு கடல் மைல் தூரம் தெரிந்தால் போதும் என்கிறது சர்வதேச விதி. இழுவலை போடுபவர் வெள்ளைக்கு மேல் பச்சை, மற்ற வலைக்காரர் வெள்ளைக்கு மேல் சிவப்பு. 20 நாட் வேகத்தில் வரும் கண்டெய்னர் கப்பல் அந்த இரண்டு மைலைக் கடக்க ஆறு நிமிடம். காவலில் இருப்பவர் விளக்கைப் பார்த்து, அது மீன்பிடிப் படகு என்று புரிந்துகொண்டு, ரேடாரில் சரிபார்த்து, கப்பலைத் திருப்ப, கப்பல் திரும்ப மனம் வைக்க, எல்லாம் அந்த ஆறு நிமிடத்துக்குள்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2017 ஜூனில் கொச்சிக்கு அருகே, நங்கூரமிட்டிருந்த மீன்பிடிப் படகு மீது வெளிநாட்டுக் கப்பல் மோதியது. 2018 ஆகஸ்டில் முனம்பத்துக்கு மேற்கே மோதப்பட்ட படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கன்னியாகுமரி மாவட்டம் ராமன்துறைக்காரர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், பேப்பூரிலிருந்து போன படகு மீது சரக்குக் கப்பல் மோதியதில், 14 பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். அந்தப் படகிலும் தமிழக மீனவர்கள் இருந்தார்கள். மூன்று விபத்துகளும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே நடந்தவை.

இவற்றுக்கு ஜன்னல்தான் காரணம் என்று சொல்வது அபத்தம். காவலில் கவனக் குறைவு, மரத்தாலும் ஃபைபராலும் ஆன படகு ரேடாரில் மங்கலாகத் தெரிவது, படகில் எல்லோரும் அசந்து தூங்கிவிடுவது என்று காரணங்கள் பல. ஆனால் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மோதல் தடுப்பு விதிகளில், 5-ஆவது விதி, எப்போதும் கண்ணாலும் காதாலும் கண்காணிக்க வேண்டும் என்று சொல்கிறது. ரேடார் வந்த பிறகும் கண் விதியிலிருந்து நீக்கப்படவில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் இருப்பது கண்ணாடி. தூத்தூர் மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடி மேற்குக் கரை நெடுக குஜராத் வரை போகிறவர்கள். மும்பையிலும் நவசேவாவிலும் புறப்படும் கப்பல்களின் பாதையில் இரவில் இருப்பது அவர்கள் படகும்தான்.

இனி ட்ராலர் யாட். மேல்நாட்டில் ஓய்வு பெற்ற தம்பதிகள் சமுத்திரம் கடக்க வாங்கும் சொகுசுப் படகு இது. உள்ளே படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின். வெளியே மட்டும் மீன்பிடிப் படகின் தோற்றம். காசு உள்ளவர்கள் மீனவர் வேஷம் போடுவதாகக் கிண்டல் செய்யலாம். ஆனால் அவர்கள் காப்பியடித்ததில் காரணம் இருக்கிறது. வட கடலிலும் பசிபிக்கிலும் ஆண்டு முழுவதும் கடலில் கிடந்த படகுகள் எதைக் கண்டுபிடித்துத் தக்கவைத்தனவோ, அது அனுபவத்தில் தேறியது. அமெரிக்காவின் நார்ட்ஹேவன் படகுகள் பலவற்றில் இந்த முன்சாய்ந்த ஜன்னலைக் காணலாம். பார்ப்பதற்குப் புருவம் நெரித்த முகம் போல இருக்கும். சிலருக்கு இது கம்பீரம், சிலருக்கு அசிங்கம். இந்தச் சண்டை அங்கே முடிந்தபாடில்லை.

சாய்வின் உபரி லாபங்களும் உண்டு. மேல் விளிம்பு குடை போல நீண்டிருப்பதால் உச்சி வெயில் உள்ளே வராது. 15 டிகிரி சாய்ந்த கண்ணாடியில், எதிரே இருக்கும் சூரியன் 75 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் நேர் வெயில் படவே படாது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும் மும்பை போன்ற ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. பின்பக்கம் சாய்ந்த கண்ணாடியோடு ஒரு படகை நம் கடலில் மே மாதம் ஓட்டினால் சுக்கான் அறை இட்லிப் பானை ஆகிவிடும். சாதாரண மழை நீரும் இதில் அதிகம் தங்காது.

நஷ்டம்? பேரலை எழும்பி வந்து அடித்தால், பின்சாய்ந்த கண்ணாடியில் அது வழுக்கி மேலேறிவிடும். முன்சாய்ந்ததில் கூரையின் விளிம்புக்குக் கீழே போய் முட்டும். ஆகவே தடித்த கண்ணாடியும் உறுதியான சட்டமும் வேண்டும். பல ட்ராலர் யாட்டுகளில் ஜன்னலுக்கு முன்னால் மார்பளவுச் சுவர் ஒன்றை எழுப்பி, இடையில் ஆள் நடக்கும் வழி விடுகிறார்கள். முதல் அடியை அந்தச் சுவர் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் போர்ச்சுகீஸ் பிரிட்ஜ். கல்யாணில் கப்பல் கட்டிய சிவாஜிக்கு வசாயில் இருந்த போர்ச்சுகீசியர்கள் தலைவலியாக இருந்தார்கள். பெயர் மட்டும் இப்படி ஒரு நல்ல காரியத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜன்னலைச் சாய்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. முன் ஜன்னலில் மறைந்த வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னலிலோ பின் கதவின் கண்ணாடியிலோ பட்டுச் சுற்றி வரலாம். எனவே கப்பலில் வரைபட மேஜைக்கு இரவில் திரை போடுகிறார்கள். விளக்குகளைச் சிவப்பாகவோ மிக மங்கலாகவோ வைக்கிறார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை வெள்ளை விளக்கைப் போட்டால் அத்தனையும் பாழ். காவல் மாற வரும் அதிகாரியின் கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுப்பேற்கக் கூடாது என்று சர்வதேசப் பயிற்சி விதியே இருக்கிறது. காஞ்சூர்மார்க்கில் இருக்கும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளுக்காக மும்பையில் தங்கிப் படிக்கும் தூத்துக்குடிப் பையன்களும் சென்னைப் பையன்களும் இதை மனப்பாடம் செய்கிறார்கள்.

மீன்பிடிப் படகின் கதை வேறு. நம் விசைப்படகுகளில் நேரான ஜன்னலும் உண்டு, முன்சாய்ந்ததும் உண்டு. படகு கட்டுபவரின் பழக்கமும் உரிமையாளரின் பிரியமும்தான் தீர்மானிக்கின்றன. 55 மீட்டர் விதி 20 மீட்டர் படகைத் தொடுவதில்லை. வீல்ஹவுஸுக்குள் வெள்ளை எல்.இ.டி. பளிச்சென்று எரியும். தளத்தில் வலை வேலைக்கான விளக்கு அதைவிடப் பளிச்சென்று எரியும். கரையிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வெளிச்சத்தில் பச்சையும் சிவப்பும் கரைந்துபோகும், கப்பல்காரருக்கு இது எந்த வகைப் படகு என்று புரியாது. உள்ளே ஸ்ராங்குக்குக் கண்ணாடியில் தெரிவது தன் முகம்.

கட்டி முடித்த படகின் ஜன்னலைச் சாய்க்க ஆகும் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் வீல்ஹவுஸின் உட்கூரைக்கும் கருவி மேஜைக்கும் ஒரு டப்பா மங்கல் கறுப்பு பெயின்ட், பின் கதவுக்கு ஒரு கெட்டித் துணி, வெள்ளை விளக்கின் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, ஜி.பி.எஸ். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான். அந்தப் பொத்தான் பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, கண் பழக அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், ஜன்னலுக்கு அப்பால் கடல் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்.