தனிமங்களின் கதை – 9: எரிந்த பின் ஒளிரும் வலை

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் மேண்டிலைப் பார்த்து, இது எப்படி எரியும் என்று கேட்பார் செந்தில். கேட்ட கையோடு அதை நசுக்கியும் விடுவார். 1984-ல் வந்த படம். இன்றுவரை சிரிக்கிறோம்; கேள்வியை மட்டும் விட்டுவிட்டோம். அருமையான கேள்வி அது. அதற்குப் பதில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை வரை நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் லைட்டுக்காரர் பொழுது சாயும் முன்பே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். புது மேண்டில் வெறும் நூல் பை. கைக்குழந்தையின் காலுறை போலத் தொளதொளவென்று இருக்கும். அதைக் கட்டித் தொங்கவிட்டுத் தீ வைப்பார். நூல் கருகும், சுருங்கும், பிறகு வெளுத்துப்போகும். மூச்சுக்காற்று பட்டாலே உதிர்ந்துவிடும் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். பம்பு அடிக்க அடிக்க மண்ணெண்ணெய் ஆவியாகிச் சீறும். அந்த வெள்ளைச் சாம்பல் கூடு கோயில் முற்றம் முழுவதையும் பகலாக்கிவிடும்.

நூல்தான் எரிந்துபோயிற்றே, அப்புறம் அங்கே நிற்பது என்ன? தோரியம் ஆக்சைடு. நூல் பையைத் தோரியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்தித்தான் கடைக்கு அனுப்பினார்கள். நூல் போன பிறகும் அதன் பின்னல் வடிவிலேயே ஆக்சைடு நிற்கிறது. 3,300 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் உருகாத பொருள். மண்ணெண்ணெய்த் தீ அதை என்ன செய்துவிடும்?

இந்த மேண்டிலைக் கண்டுபிடித்தவர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர். 1885-ல் அவர் காப்புரிமை வாங்கிய முதல் மேண்டில் பச்சையாக ஒளிர்ந்தது, சட்டென்று உடைந்தது, வியாபாரமும் படுத்துவிட்டது. மனிதர் விடவில்லை. 1891-ல் சரியான கலவை கைகூடியது: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. தோரியம் மட்டும் இருந்தால் சூடு ஏறும், வெளிச்சம் மங்கலாகத்தான் வரும். சீரியம் கூடிப்போனால் சூடு வெளியே சிந்தி மேண்டில் தணிந்துவிடும். ஒரே ஒரு பங்கு சேரும்போது, தோரியம் பிடித்துவைத்த சூட்டைச் சீரியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குகிறது. சாம்பாரில் பெருங்காயம் போடுகிற கணக்கு அது.

தோரியத்துக்கு மோனசைட் என்ற கனிமம் வேண்டும். அப்போது அது பிரேசில் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். எந்தக் கரை மணல் என்று தேடி வந்தவர் மணவாளக்குறிச்சியில் நின்றார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் வந்ததும் தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மட்டையை ஊறவைத்து, அடித்து, கரையில் நாரைக் காயப்போட்ட பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் உதறியும் போகாமல் ஒட்டிக்கொண்ட மணல்தான் இத்தனைக்கும் காரணம்.

அந்தக் கரையில் கருமணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். கனம் உடனே தெரியும். கறுப்பு இல்மனைட்டுக்கும் சிவப்பு கார்னெட்டுக்கும் நடுவே தேன் நிறத்தில் சில மணிகள் கிடக்கும். அவைதான் மோனசைட். நம் நாட்டு மோனசைட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் தோரியம் ஆக்சைடு உண்டு. பாதிக்கு மேல் அருமண் தனிமங்கள்: சீரியம், லாந்தனம், நியோடிமியம்.

மின்விளக்கு வந்ததும் மேண்டிலின் காலம் முடிந்தது. தோரியத்தின் காலம் முடியவில்லை. நியூட்ரானை விழுங்கினால் அது சில வாரங்களில் யுரேனியம்-233 ஆக மாறும். அந்த யுரேனியத்தைப் பிளந்து ஆற்றல் எடுக்கலாம். கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்ற சிறிய ஆய்வு உலைக்கு அதுதான் எரிபொருள். தோரியம் எடுத்த பிறகு மிஞ்சிக் கிடந்த சீரியத்துக்கும் அவுவரே வழி கண்டார். இரும்போடு அதைச் சேர்த்து அவர் 1903-ல் உண்டாக்கிய உலோகம்தான் சிகரெட் லைட்டரில் பொறி பறக்கவைக்கும் கல்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோரியம் கதிரியக்கப் பொருள். தொட்டால் பெரிய ஆபத்தில்லை, தூளாக மூச்சில் போனால் கெடுதல். எங்கள் லைட்டுக்காரர் உடைந்த மேண்டில் தூளை வாயால் ஊதித்தான் துடைப்பார். வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. இன்று பல மேண்டில்களில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம்தான். ஆனால் மோனசைட் மணல் மேலேயே வீடு கட்டி, வலை உலர்த்தி வாழும் மீனவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். மணல் அள்ளினால் கரை என்னாகும், உடம்பு என்னாகும் என்று அவர்கள் கேட்கும்போது, வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று ஒதுக்குவது அநியாயம். அவர்களுக்குப் புரிகிற தமிழில், எண்களோடு, ஊர் நடுவில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

அதே தேன் நிற மணியில் இருக்கும் நியோடிமியம் இப்போது உங்கள் செல்போன் ஸ்பீக்கரில் காந்தமாக உட்கார்ந்திருக்கிறது. அதையும் தனியே பிரித்தெடுத்தவர் அவுவர்தான், மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கிய அதே 1885-ல். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)