உங்களுக்குத் தெரியுமா? ஜன்னல் குளவியும் ஓர் அறிவியல் பாடம்

பூச்சியியல் ஆய்வகத்துக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்று ராகவேந்திர கதக்கர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ‘ரோபாலிடியா மார்ஜினேட்டா’ என்னும் காகிதக் குளவிகளின் சமூக வாழ்வை ஆராயத் திரும்பினார். விலங்குகளின் கூட்டு வாழ்வைப் பொது வாசகருக்கு விளக்கும் நூலை 1997இல் வெளியிட்டார். எளிமையாக்கினால் அறிவியல் நீர்த்துப்போகும் என்பார்கள் சிலர். அவருடைய ஆய்வு சொல்வதைப் பாருங்கள்: இந்தக் குளவிகளின் ராணி சாதுவானது; அதை அகற்றினால், வேலைக்காரக் குளவி ஒன்று உடனே மூர்க்கமாகி அடுத்த ராணியாகிறது. இதைப் புரிந்துகொள்ளக் கலைச்சொல் தேவையில்லை. எளிமையாகச் சொன்னதால் உண்மையும் குறையவில்லை. குளவிகளைக் கவனிக்கப் போனால் கொட்டுமே என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தள்ளி நின்றால் போதும். உங்கள் அடுக்ககத்தின் ஜன்னலோரம் குளவிக் கூடு தென்பட்டால், கலைப்பதற்கு முன் சற்றுக் கவனியுங்கள்.